மகளின் போர்ட்ஃபோலியோவை எங்கிருந்து தொடங்குவது? சிவதாபுரத்துத் தந்தைக்கு ஒரு பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்கள் மகள் பி.காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறார் என்றும், வளாக நேர்காணலுக்கு வரும் சில நிறுவனங்கள் இப்போது போர்ட்ஃபோலியோ கேட்பதாகக் கல்லூரியில் சொன்னதால், அதைத் தயாரித்துத் தருவதாகக் கூறும் தனியார் பயிற்சி ஒன்றில் பெருந்தொகை கட்டிச் சேர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சேர்க்க வேண்டாம் என்பதே என் பதில். பணம் மிச்சமாகும் என்பது ஒரு காரணம்தான். பிறர் தயாரித்துக் கொடுத்த தொகுப்பு நேர்காணலில் இரண்டாவது கேள்விக்கு மேல் தாங்காது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

ஒரு மாணவரால் என்ன செய்ய முடியும் என்பதை அவர் ஏற்கெனவே செய்த வேலைகளைக் கொண்டே காட்டுவதுதான் போர்ட்ஃபோலியோ. ‘குழுவாகப் பணியாற்றுவேன், பொறுப்புணர்வு உண்டு, கணினி தெரியும்’ என்று பயோடேட்டாவில் எல்லோரும்தான் எழுதுகிறார்கள். படிப்பவர் அதை நம்புவதற்குக் கையில் ஆதாரம் எதுவும் இருப்பதில்லை. அந்த ஆதாரத்தைத் தருவதே இந்தத் தொகுப்பின் வேலை. பல பெற்றோர் இதைச் சான்றிதழ்களைச் சேர்த்து வைக்கும் கோப்பு என்று எண்ணிக்கொண்டு, எட்டாம் வகுப்பில் வாங்கிய ஓவியப் போட்டிச் சான்றிதழ் வரை அடுக்கி அனுப்புகிறார்கள். கனமான கோப்பைப் புரட்டிப் பார்க்க எந்த நிறுவனத்திலும் யாருக்கும் நேரம் இருக்காது.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: மாலை நேரத்தில் பட்டறைக் கணக்கை மகள்தான் பார்த்துக்கொள்கிறார் என்று. தொகுப்பின் முதல் பக்கம் அந்த வரியில்தான் இருக்கிறது. கொலுசுப் பட்டறையில் வெள்ளியை எடை போட்டுக் கொடுத்து, கம்பி இழுப்பு, கண்ணி பின்னல், பற்றவைப்பு, மெருகு எனப் பல கைகள் மாறித் திரும்பி வரும்போது மறுபடியும் எடை போட்டு, இடையில் குறைந்தது ஒப்புக்கொண்ட சேதாரத்துக்குள் அடங்குகிறதா என்று பார்த்த பிறகே கூலி கொடுக்கிறீர்கள். அடக்கவிலைக் கணக்கியலில் ‘செயல்முறை அடக்கவிலை’ என்ற பாடம் கற்பிக்கும் இயல்பான இழப்பும் (ஒப்புக்கொண்ட அளவுக்குள் குறைவது) அசாதாரண இழப்பும் (அதைத் தாண்டிக் குறைவது) இவைதாம். மற்ற மாணவர்கள் புத்தகக் கணக்காக மட்டும் போட்டுப் பார்ப்பதை உங்கள் மகள் தராசில் பார்த்து வளர்ந்திருக்கிறார். இதை அவரே ஒரு திறமையாக எண்ணாமல் இருப்பதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அந்தப் பக்கம் எப்படி அமையலாம் என்பதற்கு ஒரு மாதிரி தருகிறேன். அவர் உண்மையில் செய்ததற்கு ஏற்ப இதை மாற்றி எழுதிக்கொள்ள வேண்டும்.

‘எங்கள் பட்டறையில் கொடுத்த வெள்ளியின் எடை ஒரு நோட்டிலும் திரும்பி வந்த கொலுசின் எடை வேறொரு நோட்டிலும் இருந்ததால், வாரக் கடைசியில் கணக்கை நேர் செய்ய நீண்ட நேரம் ஆனது. இரண்டையும் ஒரே எக்செல் தாளில் கொண்டுவந்து, சேதாரம் ஒப்புக்கொண்ட அளவைத் தாண்டினால் அந்த வரிசை சிவப்பாக மாறும்படி அமைத்தேன். ஒரே ஆளின் பெயர் இரண்டு விதமாகப் பதிவாகி மொத்தத் தொகை பிசகியதால், ஒவ்வொருவருக்கும் ஒரு குறியீட்டு எண் கொடுத்தேன். எந்தக் கட்டத்தில் எடை குறைகிறது என்பது இப்போது அன்றைக்கே தெரிந்துவிடுகிறது.’

என்ன சிக்கல், தாம் என்ன செய்தார், எங்கே தடுமாறினார், என்ன பலன் கிடைத்தது என்னும் நான்கும் இதில் வந்துவிட்டன. ‘ஏன் குறியீட்டு எண்?’ என்று நேர்காணல் செய்பவர் கேட்டால் அவரால் தயங்காமல் பதில் சொல்ல முடியும். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு வாங்கிய பத்தி பார்வைக்கு இதைவிட வழுவழுப்பாக இருக்கலாம். ஆனால் அதைப் பற்றிக் கேள்வி எழும்போது பிள்ளைகள் விழிக்கிறார்கள். முதலில் தமிழில் எழுதிப் பார்த்து, பிறகு தமக்கு வரும் எளிய ஆங்கிலத்தில் அவரே மாற்றட்டும். இலக்கணப் பிழைகளை மட்டும் ஆங்கில ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்ளலாம்.

இதில் நீங்கள் கண்டிப்பாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அந்தத் தாளின் படத்தைத் தொகுப்பில் இணைக்கும்போது வாடிக்கையாளர், தொழிலாளர் பெயர்கள் எதுவும் தெரியக் கூடாது. உண்மையான எடைகளுக்குப் பதிலாக மாதிரி எண்களை இட்டு, ‘எண்கள் மாற்றப்பட்டவை’ என்று கீழே குறிப்பிட வேண்டும். வீட்டோடு சேர்ந்த பட்டறையில் எவ்வளவு வெள்ளி புழங்குகிறது என்பது ஊருக்குத் தெரிய வேண்டிய செய்தி அன்று. அதுபோலவே வீட்டு முகவரி, ஆதார் எண், பிறந்த தேதி ஆகியவற்றையும் சேர்க்கக் கூடாது. தொடர்புக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி போதும்.

தந்தையின் பட்டறையில் செய்த வேலைக்குத் தந்தையே சாட்சி சொன்னால் எடுபடாது. ஆகவே அந்தத் தாளை அடக்கவிலைப் பாடம் நடத்தும் பேராசிரியரிடம் காட்டிக் கருத்துக் கேட்கச் சொல்லுங்கள். வரும் கோடை விடுமுறையில், உங்களுக்கு ஜிஎஸ்டி தாக்கல் செய்து தரும் ஆடிட்டர் அலுவலகத்திலேயே ஒரு மாதம் பயிற்சிக்கு அனுப்ப முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். சம்பளம் இல்லாவிட்டாலும், வெளியார் ஒருவர் கையெழுத்திட்டுத் தரும் நான்கு வரி, இணையத்தில் காணொளி பார்த்து முடித்த பத்துப் பயிற்சிகளின் சான்றிதழ்களைவிட மதிப்புள்ளது. குழுவாகப் பணியாற்றியதற்கு நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாம் நல்ல சான்று; ஆனால் ‘முகாமில் கலந்துகொண்டேன்’ என்று எழுதினால் போதாது, உணவுக் கணக்கைப் பார்த்தாரா, ஊர் மக்களிடம் பேசித் தகவல் திரட்டினாரா என்று தம் பங்கைச் சொல்ல வேண்டும். ஏற்காட்டு மலைக் கிராமங்களிலிருந்து வரும் மாணவர்களுக்கும் இதையே சொல்கிறேன். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் எடைக் கணக்கு எழுதியதும், மே மாதக் கோடை விழாவில் சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டியதும் சொல்லத் தக்க வேலை அனுபவங்களே.

சான்றிதழ்களை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட ‘நான் முதல்வன்’ திட்டத்தின் வழியே கல்லூரியில் நடக்கும் பயிற்சிகளை அக்கறையோடு முடிக்கட்டும்; அதில் ஒப்படைத்த செயல்திட்டத்தை, சான்றிதழோடு நிறுத்திவிடாமல், தொகுப்பில் சேர்க்கட்டும். மதிப்பெண் பட்டியல் போன்றவற்றை அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் வைக்கும்போது ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்: வழங்கிய அமைப்பிடமிருந்து நேரடியாக அதில் வந்து சேரும் ஆவணம் சட்டப்படி அசலுக்கு இணையானது, நாமே படமெடுத்துப் பதிவேற்றும் நகலுக்கு அந்தத் தகுதி கிடையாது.

தொகுப்பு முழுவதும் ஆறு அல்லது எட்டுப் பக்கங்களுக்குள், ஒரே பிடிஎஃப் கோப்பாக இருக்கட்டும். கூகுள் டிரைவில் ஏற்றி இணைப்பு அனுப்புவதாக இருந்தால், வேறொருவர் கைப்பேசியில் அது திறக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். அனுமதி கேட்டு நிற்கும் கோப்புக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கி, அந்த மாதம் செய்ததை எழுதி வைத்தால், ஐந்தாம் பருவத்துக்குள் வேண்டிய அளவுக்குச் சேர்ந்துவிடும்.

அரசு வேலையே பாதுகாப்பு என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் நேர்காணலே கிடையாது. எழுத்துத் தேர்வின் மதிப்பெண்தான் முடிவு செய்கிறது. அந்தப் பாதையில் இந்தத் தொகுப்பால் பயன் இல்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு அதில் விருப்பம் இருந்தால், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் கட்டணமில்லாமல் நடக்கும் வகுப்புகளைப் பற்றி விசாரியுங்கள். ஆனால் எந்தப் பாதை என்று அவரைக் கேட்டீர்களா என்பது உங்கள் கடிதத்திலிருந்து தெரியவில்லை. இந்த வாரம் அவரிடம் பேசுங்கள். தனியார் வேலைதான் விருப்பம் என்றால், பட்டறைக் கணக்கைப் பற்றிய அந்த ஒரு பக்கத்தை எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், படித்துக் குறிப்பெழுதித் தருகிறேன்.