சக்கரத்தில் ஓடியும் எடை குறையாத சுண்டெலிகள்

கேள்வி: உதகையில் எம்.எஸ்ஸி. விலங்கியல் படிக்கிறேன். உடற்பயிற்சியால் கொழுப்பு குறைகிறதா என்று பார்ப்பதுதான் என் ப்ராஜெக்ட். நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு 12 ஸ்விஸ் வெள்ளைச் சுண்டெலிகள் வாங்கினோம், எல்லாம் ஆண். வனஸ்பதி கலந்த தீவனம் தருகிறோம். 6 எலிகள் தனித்தனிக் கூண்டில், ஓடுசக்கரத்தோடு. மற்ற 6 எலிகளும் சக்கரம் இல்லாமல் ஒரே பெரிய கூண்டில். ஜனவரிக் குளிருக்காக அறை மூலையில் இரவெல்லாம் பல்பு எரிகிறது. சைக்கிள் ஸ்பீடோமீட்டர் வைத்து அளந்தால், ஒரு எலி ஓர் இரவில் 7 கி.மீ. ஓடுகிறது, பல்புப் பக்கம் இருக்கும் எலி ஒன்றரையைத் தாண்டுவதில்லை. சக்கரம் இறுகுவதால் வாரம் ஒருமுறை அச்சுக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிறேன். 4 வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு குழுவின் சராசரி எடையும் ஒன்றுதான். கைடு மறுபடி செய்யச் சொல்கிறார். எங்கே தவறு?
– வாசகி, உதகமண்டலம்

பதில்: இரண்டு குழுவுக்கும் இடையே சக்கரம் ஒன்றுதான் வித்தியாசம் என்று நினைத்திருக்கிறீர்கள். குளிரும் வித்தியாசமாக இருந்திருக்கிறது. முதலில் அதைப் பார்ப்போம்.

உடல் சூட்டுக்கென்று தனியாக எதையும் எரிக்கத் தேவையில்லாமல் சுண்டெலி இருக்கக்கூடிய வெப்பநிலை ஏறக்குறைய 30 டிகிரி செல்சியஸ். ஆய்வுக்கூடங்களில் வழக்கமான 22 டிகிரியிலேயே அது சூட்டுக்காகக் கணிசமாகச் செலவழிக்கிறது. உதகை ஜனவரி இரவில், ஒரு மூலையில் எரியும் பல்பை நம்பி 25, 30 கிராம் உடம்பு என்ன பாடு பட்டிருக்கும்! கூட்டமாக இருந்த 6 எலிகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஒரே உருண்டையாகச் சுருண்டு சூட்டை மிச்சம் பிடித்திருக்கும். தனியாக இருந்தவற்றுக்கு அந்த வசதி இல்லை. அவை கூடுதலாகத் தின்றுதான் ஈடுகட்டியிருக்கும். அதனால் தீவனக் கணக்கைக் குழுவாரியாகப் பிரித்துப் பாருங்கள்.

இன்னொரு விஷயம் பலர் கவனிக்காதது. ஓடும்போது தசையில் சூடு பிறக்கிறது. குளிர் அறையில் அந்தச் சூடு வீணாவதில்லை. குளிரைத் தாங்க எலி எப்படியும் எரித்திருக்க வேண்டியதில் ஒரு பகுதியை ஓட்டமே அடைத்துவிடுகிறது. ஆகவே அதே 5 கி.மீ. ஓட்டத்துக்கு வெதுவெதுப்பான அறையில் ஆகும் கூடுதல் செலவு, குளிர் அறையில் ஆகாது. சக்கரத்தின் பலன் உங்கள் கணக்கில் மங்கிப்போனதற்கு இது வலுவான காரணம்.

அடுத்தது மரபணு. ஸ்விஸ் வெள்ளைச் சுண்டெலி பார்க்க எல்லாம் ஒரே அச்சாக இருக்கும், உள்ளுக்குள் அப்படியில்லை. அது கலப்பாக வளர்க்கப்படும் இனம். ஒரு ஊர் ஜனங்களைப்போல ஒவ்வொன்றும் வேறு. உடன்பிறந்தவற்றையே 20 தலைமுறைக்குமேல் இணைசேர்த்து உருவாக்கிய உள்ளினங்களில்தான் ஒவ்வொரு எலியும் ஏறக்குறைய இரட்டைப்பிறவி. சி57 பிளாக்-6 என்ற உள்ளினத்து எலிக்குக் கொழுப்புத் தீவனம் கொடுத்தால் கொழுத்துவிடும். அதே தீவனத்தைத் தின்னும் ஏ/ஜே என்ற இன்னோர் உள்ளினத்து எலி பெரிதாகக் கொழுக்காது. கொழுக்க ஒரே ஒரு மரபணு பழுதானாலே போதும் என்பதை 1949-இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் கிடைத்த குண்டு எலிகள் காட்டின. அந்த மரபணு உண்டாக்குவது பசியை அடக்கும் லெப்டின் ஹார்மோன் என்பது 1994-இல் தெரியவந்தது. ஓடும் ஆசையும் ரத்தத்தில் வருவதுதான். அமெரிக்க உயிரியலாளர் தியோடர் கார்லண்ட் 1993 முதல் அதிகம் ஓடும் எலிகளையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்தார். அந்த வழிவந்தவை சாதாரண எலிகளைவிட இரண்டரை, மூன்று மடங்கு தூரம் ஓடுகின்றன. உடலில் கொழுப்பும் குறைவு.

எனவே 7 கி.மீ. ஓடிய எலியையும் ஒன்றரை கி.மீ. ஓடிய எலியையும் கூட்டி சராசரி எடுத்தால் ஒன்றும் மிஞ்சாது. ஆனால் ஒன்றரை கி.மீ. எலியின் சோம்பலை மரபணுமேல் மட்டும் போட்டுவிடாதீர்கள். சுண்டெலி இருட்டில் ஓடும் பிராணி. வெளிச்சம் பட்டால் சக்கரத்தில் அதிகம் ஏறாது. இரண்டு கூண்டையும் இடம் மாற்றி 3 இரவு பாருங்கள். தூரமும் இடம் மாறினால் காரணம் பல்பு.

தேங்காய் எண்ணெயும் வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே உறையும் எண்ணெய் அது. உங்கள் ஊரில் அச்சுக்குள் மெழுகாக நின்று, மரத்தூளையும் பிடித்து வைத்துக்கொள்ளும். சக்கரம் இறுகியதற்கு மருந்தென்று விட்டதுதான் இறுக்கியிருக்கிறது. வெந்நீரில் கழுவித் துடைத்து லிக்விட் பாரஃபின் ஒரு சொட்டு விடுங்கள். பிறகு எல்லாச் சக்கரங்களையும் ஒரே வேகத்தில் விரலால் சுண்டி, எத்தனை சுற்றில் நிற்கிறது என்று எண்ணுங்கள். சீக்கிரம் நிற்பதை மறுபடி கழுவவும். ஸ்பீடோமீட்டரில் சக்கரத்தின் சுற்றளவைச் சரியாகப் பதிந்தீர்களா? 12 செ.மீ. விட்டமென்றால் ஒரு சுற்று 37.7 செ.மீ.; 10,000 சுற்றுக்கு 3.77 கி.மீ. வயர் கூண்டுக்கு வெளியே போகட்டும், உள்ளே இருந்தால் கடித்துவிடும்.

மறுபடி செய்யும்போது எல்லா எலிகளும் தனிக்கூண்டில், எல்லாக் கூண்டிலும் சக்கரம். ஓடாத குழுவின் சக்கரத்தைக் கம்பியால் கட்டிவிடுங்கள். ஏறி விளையாடும் இடமும் தனிமையும் இரு குழுவுக்கும் அப்போதுதான் சமம். கூடு கட்டிக்கொள்ளக் காகிதக் கீற்று நிறைய போடுங்கள். பல்புக்குப் பதிலாகத் தெர்மோஸ்டாட் உள்ள ஆயில் ஹீட்டர். அறை 22-24 டிகிரியில் நிற்க வேண்டும். கூண்டு உயரத்தில் தெர்மாமீட்டர் வைத்து, விடியற்காலை அளவையும் எழுதுங்கள். மலையில் கரன்ட் போவது தெரிந்ததுதான். போன இரவுகளைக் குறித்துவையுங்கள். 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் முழு இருட்டு. மலையேறி வந்த எலிகளுக்கு ஒரு வாரமாவது ஓய்வு. பிளாக்-6 ஆண், 8 வார வயது, பதிவுபெற்ற வளர்ப்பகத்திலிருந்து கிடைத்தால் நல்லது. ஸ்விஸ்தான் கிடைக்குமென்றால், ஒரே ஈற்றில் பிறந்த சகோதரர்களை இரண்டு குழுவுக்கும் பங்கிட்டுப் போடுங்கள். குழுவுக்கு 6 போதாது, 10 வேண்டும். எண்ணிக்கை கூடினால் நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே திருத்த அனுமதி வாங்க வேண்டும்.

தீவனத்தில் ஒரு கணக்கு. 'கொழுப்பு 60 சதவீதம்' என்று கட்டுரைகளில் படிப்பது கலோரியில், எடையில் அல்ல. 100 கிராமில் கொழுப்பு 35 கிராம், புரதம் 26, மாவுச்சத்து 26 என்றாலே 315 + 104 + 104 கலோரி; அதில் 315 என்பது 60 சதவீதம். எடையில் 60 கலந்தால் புரதம் பற்றாமல் எலி மெலியும், பழி ஓட்டத்தின்மேல் விழும். கொழுப்புத் தீவனம் உதிரும். கூடையில் குறைந்ததெல்லாம் வயிற்றுக்குப் போனதல்ல. மரத்தூளைச் சலித்து, சிந்தியதை நிறுத்துக் கழியுங்கள். 4 வாரம் இதற்குப் போதாது, 8 முதல் 12 வாரம் கொடுங்கள்.

இப்போதிருக்கும் 12 எலிகளை வெறும் எடையோடு விட்டுவிட வேண்டாம். தராசுக்கு எடை தெரியும், கொழுப்பு தெரியாது. நிறைந்த வயிறே ஒரு கிராமை மறைத்துவிடும். அனுமதியில் உள்ள முறைப்படி முடிக்கும் நாளில் விரைப்பக்கத்து வெள்ளைக் கொழுப்புத் திட்டை இருபுறமும் எடுங்கள். அதனோடு எபிடிடிமிஸ் என்ற விந்துக்குழல் சுருள் ஒட்டிக்கொண்டு வரும். விரலில் உருட்டினால் கொழுப்பு வழுக்கும், அது நெருடும். அதை நறுக்கிவிட்டு உடனே மில்லிகிராம் தராசில் வையுங்கள். தாமதித்தால் உலர்ந்து எடை குறையும். பிறகு ஒவ்வொரு ஓட்ட எலிக்கும் வரைபடத்தாளில் தூரம் ஒரு பக்கம், கொழுப்பு ஒரு பக்கம் என்று புள்ளி வையுங்கள்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மனிதருக்கு இது பொருந்துமா என்று கேட்பார்கள். கனடாவில் க்ளோட் புஷார் குழு 1994-இல் வெளியிட்ட ஆய்வில், 7 ஜோடி ஒற்றைக்கரு இரட்டையர் உணவின் அளவு மாறாமல் 93 நாள் கால எல்லைக்குள் உடற்பயிற்சி செய்தார்கள். சராசரி 5 கிலோ இறங்கியது. ஆளுக்கு ஆள் 1 கிலோவிலிருந்து 8 கிலோவரை. ஒரே ஜோடிக்குள் இறக்கம் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தது. இந்த ஒன்றைச் சொன்னால் போதும்.

தோள்பட்டைகளுக்கு நடுவே, வெள்ளைக் கொழுப்புக்கு அடியில் செம்பழுப்பாக ஒரு சிறு திட்டு இருக்கும். குளிரில் சூடு உண்டாக்குவது அந்தப் பழுப்புக் கொழுப்பு. அதையும் எடுத்து நிறுத்து எழுதுங்கள். தனியாக இருந்த 6 எலிகளிலும் அது கூட்டமாக இருந்தவற்றைவிடப் பெரிதாக இருந்தால், குளிர் எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்பதைக் கைடிடம் காட்ட எண்ணோடு ஒரு சான்று இருக்கும்.