அவர் படுத்திருக்கும்போது நான் சிரிக்கலாமா?

கேள்வி: அக்காவுக்கு வணக்கம். இடுக்கி மாவட்டத்தில் வண்டன்மேடு பக்கம் இருக்கிறேன். பிறந்த ஊர் கம்பம். ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும் வேலை. என் வீட்டுக்காரர் போன ஆடி மாதம் தோட்டத்தில் நிழல் மரத்துக் கிளை வெட்டும்போது தவறி விழுந்தார். முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. பகலில் மாமியார் பார்த்துக்கொள்கிறார். ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் நான்தான் எழுந்து அவரைப் புரட்டிப் படுக்க வைக்கிறேன். பையன் பத்தாவது, பெண் ஏழாவது. கடனும் இருக்கிறது. 'ஆனந்தம் உனக்குள்ளேயே இருக்கிறது, தேடு' என்று போனில் ஒருவர் பேசக் கேட்டேன். காலை நாலு மணிக்குக் கண்ணை மூடி உட்கார்ந்து பார்க்கிறேன், கடன்காரர் முகம்தான் வருகிறது. போன வாரம் காட்டில் கூட வேலை செய்கிறவர்கள் ஏதோ சொல்ல, வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அது அத்தை காதுக்குப் போய், "என் பிள்ளை கிடக்குற கிடையில உனக்குச் சிரிப்பு கேக்குதா?" என்றார். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. சில நாள் விடியாமலே இருந்தால் தேவலை என்று தோன்றுகிறது. முன்பெல்லாம் ஊர்த் திருவிழாவில் முளைப்பாரி சுற்றிக் கும்மி அடிப்பேன், குலவை போடுவேன். அவள் எங்கே போனாள்? எனக்குள் ஆனந்தம் இல்லையா அக்கா?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

ஆனந்தத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். 'விடியாமலே இருந்தால் தேவலை' என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைப் பேச வேண்டும். உடம்பு அசந்துபோய் வந்த சொல்லா, இல்லை உயிரையே விட்டுவிடலாம் என்கிற நினைப்பா? இரண்டாவது என்றால், இந்தப் பதிலை இங்கேயே நிறுத்திவிட்டு 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற பெயரில் 2022-லிருந்து மத்திய அரசு நடத்தும் மனநல உதவி எண் அது. காசு கிடையாது. ராத்திரி இரண்டு மணிக்கு அவரைப் புரட்டிவிட்டு உட்கார்ந்திருக்கும்போதும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். வெறும் அசதிதான் என்றாலும், தொடர்ந்து இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லை, தூங்க நேரம் கிடைத்தாலும் தூக்கம் வரவில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை என்றிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். மனச்சோர்வு ஒரு நோய். அதற்கு மருந்தும் உண்டு, பேசிக் குணப்படுத்தும் வழியும் உண்டு.

சரி, இப்போது அந்தச் சிரிப்புக்கு வருவோம்.

நீங்கள் சிரித்ததில் எந்தத் தப்பும் இல்லை. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. 1990-களில் அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோவில், சூசன் ஃபோக்மன் என்ற உளவியல் ஆய்வாளர் எய்ட்ஸ் நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட துணைவர்களை நீண்ட நாள் தொடர்ந்து சந்தித்துப் பேசினார். அந்த நோய்க்குச் சரியான மருந்து வராத காலம். பார்த்துக்கொண்டவர்களின் கண்ணெதிரிலேயே அவர்களுடைய துணைவர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். ஆய்வுக் குழு அவர்களிடம் கஷ்டங்களை மட்டுமே கேட்டுக் குறித்துக்கொண்டது. கொஞ்ச நாளில் அவர்களே சொன்னார்களாம்: 'நல்லது எதையும் நீங்கள் கேட்பதே இல்லையே, அதைக் கேட்காவிட்டால் நாங்கள் எப்படித் தாக்குப்பிடிக்கிறோம் என்று உங்களுக்குத் தெரியாது.' அதற்குப் பிறகு அந்தக் கேள்வியையும் சேர்த்தார்கள். கிட்டத்தட்ட எல்லோரிடமும் ஒரு பதில் இருந்தது. எதுவும் பெரிய விஷயம் இல்லை. செய்து கொடுத்த சாப்பாட்டை அவர் விரும்பிச் சாப்பிட்டார், சிநேகிதர்களோடு கொஞ்ச நேரம் கழிந்தது, இந்த மாதிரி. அவர்களுடைய துக்கம் ஒரு துளியும் குறைந்திருக்கவில்லை. அதன் பக்கத்திலேயே இதுவும் இருந்தது. அந்தத் துக்கத்தோடு அத்தனை நாள் ஓட முடிந்ததில் இதற்கும் பங்கு உண்டு என்பதுதான் ஃபோக்மன் கண்டது.

கஷ்டம் தீர்ந்த பிறகுதான் சந்தோஷம் என்று நாம் மனதில் வரிசை போட்டு வைத்திருக்கிறோம். கடன் அடையட்டும், பையன் படித்து முடிக்கட்டும், அவர் எழுந்து உட்காரட்டும், அப்புறம் சிரிக்கலாம் என்று. இப்படிக் காத்திருந்து காய்ந்துபோன பெண்களின் கடிதங்கள் இந்தப் பகுதிக்கு நிறைய வருகின்றன. நீங்கள் அந்த வரிசையில் நிற்க வேண்டாம்.

போனில் பேசிய அந்த மனிதரின் பேச்சுக்கு வருகிறேன். தியானம் நல்லதுதான், எத்தனையோ பேருக்கு உதவியிருக்கிறது. ஆனால் ராத்திரி முழுக்கத் துண்டு துண்டாகத் தூங்கிய ஒருத்தி நாலு மணிக்குக் கண்ணை மூடினால், உள்ளே கடன்காரர்தான் உட்கார்ந்திருப்பார், வேறு யார் இருப்பார்கள்? அதை வைத்து 'எனக்குள் ஆனந்தம் இல்லை' என்று தீர்ப்பு எழுதிக்கொள்ளாதீர்கள். அந்த நாலு மணிக்குத் தூங்குங்கள். இப்போதைக்கு உங்களுக்கு அதைவிடப் பெரிய சாதனை கிடையாது.

மனம் வாடிக் கிடப்பவர்களிடம் 'மனசு சரியானதும் வேலையைத் தொடங்குங்கள்' என்று மனநல மருத்துவர்கள் சொல்வதில்லை. முன்பு பிடித்திருந்த ஒன்றைச் சின்னதாக, நாள் குறித்து, மனசு ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும் செய்யச் சொல்கிறார்கள். கையும் காலும் முதலில் போகும், மனசு பின்னால் வந்து சேரும். மனச்சோர்வுக்கு நன்றாகப் பலன் தந்த முறைகளில் இதுவும் ஒன்று. இதில் உங்களுக்கு ஏற்கெனவே ஒரு தொடக்கம் இருக்கிறது. தூரோடு தரையில் படர்ந்த சரத்தில், பிஞ்சை விட்டு விளைந்த காயை மட்டும் பார்த்து எடுக்கிறீர்கள். கண்ணும் விரலும் அதிலேயே இருக்க, பக்கத்தில் பேச்சுத்துணை இருக்க, மனம் கொஞ்சம் இறங்கி இளைப்பாறியது. அதனால்தான் சிரிப்பு வந்தது. குனிந்த இடுப்பு வலியும் மழையும் அட்டையும் தெரியாமல் நான் அந்த வேலையைப் புகழவில்லை. நீங்கள் கண்ணை மூடி உள்ளே தேடியது அன்றைக்குக் காட்டில், நாலு பேர் நடுவில், தேடாமலே கிடைத்தது என்கிறேன்.

ஆனால் ஒன்று. சுமை இதே அளவில் இருக்க, மனசை மட்டும் சரி பண்ணிக்கொள் என்று ஒரு பெண்ணிடம் சொல்வது அநியாயம். உங்களுக்கு வேண்டிய சந்தோஷத்தில் பாதி தூக்கத்தில் இருக்கிறது. அதற்கு ஆள் உதவி வேண்டும்.

நீங்கள் இருப்பது கேரளப் பக்கம். அங்கே இருக்கும் பல தமிழ்க் குடும்பங்கள் கேட்டு வாங்காத ஒன்று இருக்கிறது. அதுதான் பாலியேட்டிவ், நீண்ட நாள் நோயில் கிடப்பவர்களின் வலியையும் அவஸ்தையையும் தணிக்கும் பராமரிப்பு. பாலியேட்டிவ் என்றால் புற்றுநோய்க்காரர்களுக்கு, அதுவும் கடைசிக் காலத்தில்தான் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. 1993-ல் கோழிக்கோட்டில் சின்னதாகத் தொடங்கிய வேலை அது. 2008-ல் கேரள அரசு அதற்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது. இன்று பஞ்சாயத்துகளில் பாலியேட்டிவ் நர்ஸ் இருக்கிறார், வீட்டுக்கே வருவார். முதுகெலும்பு அடிபட்டுப் படுத்தவர்களும் அவர் பார்க்க வேண்டியவர்கள்தான். மூத்திரக் குழாய் மாற்றுவது, படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போடுவது, புண் வராமல் எப்படிப் புரட்டுவது என்று வீட்டாருக்குச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. காற்றுப் படுக்கை கிடைக்குமா என்றும் கேளுங்கள். அது வந்தாலும் புரட்டுவதை நிறுத்தக் கூடாது. ஆனால் எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டினால் போதும் என்று உங்கள் வீட்டுக்காரர் தோலைப் பார்த்து நர்ஸ் சொல்வார். உங்கள் வார்டில் வீடு வீடாக வரும் சுகாதார ஊழியரான ஆஷா பணியாளரிடம் சொல்லுங்கள், பெயர் பதிய வழி செய்வார்.

பையனையும் கூப்பிடுங்கள். பத்தாவது பரீட்சை இருக்கிறது, தெரியும். சனிக்கிழமை ராத்திரி மட்டும் அவன் அப்பாவைப் புரட்டட்டும். வாரத்தில் ஒரு ராத்திரி நீங்கள் முழுதாகத் தூங்குவீர்கள். அவனுக்கும் அப்பாவுக்கும் நடுவில் நல்லதுதான் நடக்கும்.

கடன் விஷயத்தில் ஒன்று மட்டும் சொல்கிறேன். வேலை செய்யும்போது நடந்த விபத்துக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்று 1923-லேயே இந்த நாட்டில் சட்டம் வந்துவிட்டது. கேட்பதற்குக் கால வரம்பு உண்டு, அதனால் தள்ளிப்போடாதீர்கள். வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்குக் கூப்பிட்டு, தாலுகா சட்ட உதவிக் குழுவில் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். தோட்டத்துக்காரர் ஏற்கெனவே ஏதாவது கையெழுத்து வாங்கியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். அத்தை சொன்னது இருக்கிறது, போனில் பேசியவர் சொன்னது இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் சொன்னதாக ஒரு வார்த்தைகூட இல்லை. நீங்கள் சிரித்தது அவருக்குப் பிடிக்காது என்று அவரா சொன்னார்? அவரிடம் கேட்டீர்களா? நாள் முழுக்க ஒரே கூரையைப் பார்த்துக் கிடக்கும் மனிதருக்கு, தன்னால் வீட்டில் எல்லோர் முகமும் செத்துப்போனது என்பது முதுகு வலியைவிடப் பெரிய வலியாக இருக்கலாம். இன்று வேலை முடிந்து வந்ததும், காட்டில் என்ன சொல்லிச் சிரித்தீர்கள் என்பதை அவரிடம் அப்படியே சொல்லுங்கள். அவர் சிரிக்காமல் போகலாம். கோபம்கூட வரலாம். அவருக்குள்ளும் ஒரு துக்கம் நடந்துகொண்டிருக்கிறது, அதற்கும் நாளாகும். அவருக்குக் கை நன்றாக இருக்கிறதல்லவா? கேரளத்தில் இப்படி இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர்கள் பலர் படுக்கையிலிருந்தும் சக்கர நாற்காலியிலிருந்தும் குடை செய்கிறார்கள், காகிதப் பேனா செய்கிறார்கள். நர்ஸ் வரும்போது அதையும் விசாரியுங்கள். காசு கொஞ்சம்தான் வரும். ஆனாலும் இப்போது அவருக்குப் பொழுது போகவே ஒரு வழியில்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

அத்தையிடம் மல்லுக்கு நிற்க வேண்டாம். பெற்ற பிள்ளை அசையாமல் கிடப்பதைப் பகலெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர்தான். அந்தச் சொல் உங்கள் மேல் விழுந்தது, ஆனால் அது உங்களால் வந்த சொல் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வீட்டில் இருந்துகொண்டு அவரைக் கம்பத்துக்கு அனுப்புங்கள். சொந்தக்காரர் வீட்டில் ஒரு வேளைச் சோறு, நாலு பேச்சு, கோயில். அவரும் அந்த வீட்டைவிட்டு வெளியே வந்து எத்தனை நாள் ஆயிற்றோ.

அப்புறம் கும்மி. அடுத்த முளைப்பாரிக்கு நீங்கள் போகத்தான் வேண்டும். இப்போதே பெண்ணிடம் சொல்லி வையுங்கள், அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். குலவை போட அவளுக்கு யார் சொல்லிக்கொடுப்பார்கள்? கம்பம்மெட்டு இறங்கினால் ஊர், ராத்திரிக்குள் திரும்பிவிடலாம். அன்றைக்கு அவரைப் பார்த்துக்கொள்ளப் பையனும் அத்தையும் இருப்பார்கள். யாராவது ஏதாவது சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். அங்கே போய் அழுகை வந்தால் அழுங்கள், கும்மி நடுவில் அழுதவர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர்.

ஆஷா பணியாளரை இந்த வாரமே பாருங்கள். நர்ஸ் வந்து என்ன சொன்னார், ராத்திரி எவ்வளவு நேரம் தூங்க முடிகிறது என்று எனக்கு எழுதுங்கள்.