கம்பி விட்டுப் பயமுறுத்தி விற்ற ஆர்.ஓ. மெஷின்: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: திருச்சியில் இருக்கிறோம். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரைத்தான் குடித்துவந்தோம். ஐந்து மாதத்துக்கு முன், நான் வேலைக்குப் போயிருந்தபோது ஒருவர் 'இலவசத் தண்ணீர் டெஸ்ட்' என்று வீட்டுக்கு வந்திருக்கிறார். டம்ளர் தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு கரண்ட் கொடுத்ததும் தண்ணீர் பழுப்பாகிவிட்டது. "இதைத்தான் குடிக்கிறீங்க, கிட்னி போயிடும்" என்றதும் அம்மா பயந்துபோய் 18,500 ரூபாய்க்கு, தண்ணீரிலுள்ள உப்பை எடுக்கும் ஆர்.ஓ. மெஷின் வாங்கச் சம்மதித்துவிட்டார். பில் அம்மா பெயரில், இ.எம்.ஐ. என் பெயரில். அப்புறம் நண்பர் மீட்டர் வைத்துப் பார்த்தால் குழாய்த் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 260தான். திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னால், 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்று பில்லில் இருப்பதைக் காட்டுகிறார்கள். மெஷின் சரியில்லை என்று வழக்குப் போடலாமா? எந்த ஃபில்டர்தான் வாங்குவது?

பதில்: வழக்குப் போடலாம். ஆனால் 'மெஷின் சரியில்லை' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். பொருளில் குறை என்று சொன்னால் நுகர்வோர் ஆணையம் அதைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பலாம். உங்கள் மெஷின் ஒழுங்காகத்தான் ஓடுகிறது. ரிப்போர்ட்டும் அப்படியே வரும், வழக்கு அங்கேயே படுத்துவிடும்.

உங்கள் அம்மாவுக்கு நடந்தது வேறு. தேவையில்லாத பொருளைத் தேவை என்று பொய் சொல்லி விற்றிருக்கிறார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47) இதை நேரடியாகவே பிடிக்கிறது. ஒரு பொருளின் தேவை அல்லது பயன் பற்றிப் பொய்யாகவோ தவறாக வழிநடத்தும்படியோ சொல்வது நியாயமற்ற வணிக நடைமுறை. எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, வாய்மொழியாகச் சொன்னாலும் போதும். இந்தப் பிரிவில் நில்லுங்கள்.

அந்தக் கம்பி வித்தையைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் உங்கள் வழக்கே அதில்தான் இருக்கிறது. ஒரு கம்பி இரும்பு. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் வழியாகக் கரண்ட் பாயும்போது அந்த இரும்பு கரைந்து துருவாக மிதக்கிறது. பழுப்பு நிறம் கம்பியிலிருந்து வந்தது, உங்கள் தண்ணீரில் இருந்த அழுக்கு அல்ல. இதோடு ஒப்பிட்டுக் காட்டும் ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, கரண்ட் அவ்வளவாகப் பாயாது, அதனால் தெளிவாக நிற்கிறது. அதே ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கம்பியை விடச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடாகப் பார்த்து இதைச் செய்வது எனக்கு மிகவும் கோபம் தரும் விஷயம்.

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500. அதன்படி ஏற்கத்தக்க டி.டி.எஸ். அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2000 வரை. உங்களுடையது 260. ஆனால் நண்பரின் மீட்டர் ஆணையத்தில் போதாது. அந்த மீட்டருக்குக் கிருமியும் தெரியாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டி, கிருமிச் சோதனையும் சேர்த்து ரிப்போர்ட் வாங்குங்கள். ஒருவேளை கிருமி இருந்தால், 'ஃபில்டர் தேவைப்பட்டதுதானே' என்று எதிர்த்தரப்பு வாதாடும். அப்போதும் கிருமியைக் கொல்ல யு.வி. (புற ஊதா ஒளி) ஃபில்டர் போதும், உப்பை எடுக்கும் ஆர்.ஓ. எதற்கு என்ற கேள்வி நிற்கும்.

முக்கியமான சாட்சி அம்மாதான். அந்த ஆள் என்ன சொன்னார், எந்த டம்ளர், எந்தக் கம்பி என்று நினைவிருக்கும்போதே அம்மாவின் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். ஆணையத்தில் அது பிரமாணப் பத்திரமாகும். அக்கம்பக்கத்தில் வேறு யாருக்காவது இதே டெஸ்ட் காட்டியிருந்தால் அவர்களும் சொல்லட்டும். வாட்ஸ்அப்பில் விளம்பர வீடியோ வந்திருந்தால் அழிக்காதீர்கள். பில் அம்மா பெயரில் இருப்பதால் புகார்தாரர் அம்மாவாகவே இருக்கட்டும்.

பில்லில் உள்ள அந்த வரிக்குப் பயப்பட வேண்டாம். தவறான தகவல் தந்து பெற்ற சம்மதம் என்றால், ஏமாந்தவர் அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம் என்று 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் பிரிவு 19 சொல்கிறது. அச்சடித்த ஒரு வரி அந்த உரிமையைத் தடுக்காது. ஆனால் பணத்தைத் திரும்பக் கேட்டுக்கொண்டே மெஷினையும் ஓட்டிக்கொண்டிருந்தால் வாதம் பலவீனமாகும். இன்றே நிறுத்தி, போட்டோ எடுத்து வையுங்கள்.

இ.எம்.ஐ.யைக் கோபத்தில் நிறுத்தாதீர்கள். உங்கள் சிபில் ஸ்கோர்தான் அடிபடும். அந்தக் கடனை விற்றவரே ஏற்பாடு செய்திருந்தால் நிதி நிறுவனத்தையும் எதிர்த்தரப்பில் சேர்த்து, வழக்கு முடியும்வரை தவணையை நிறுத்திவைக்க இடைக்கால உத்தரவு கேட்கலாம். கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். சில நேரம் அதிலேயே முடிந்துவிடும். பிறகு விற்ற டீலர், தயாரித்த கம்பெனி இருவருக்கும் 15 நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ். பதில் இல்லையென்றால் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் இடத்திலேயே போடலாம், 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமில்லை, வக்கீல் வைத்தாக வேண்டும் என்றும் இல்லை. காலக்கெடு இரண்டு வருடம். 18,500 ரூபாயும் வட்டியும், நியாயமான ஒரு நஷ்டஈடும் கேளுங்கள். லட்சங்களில் கேட்டால் ஆணையத்துக்கு உங்கள் மேல் உள்ள நம்பிக்கைதான் குறையும்.

எந்த ஃபில்டர் என்பதை லேப் ரிப்போர்ட் வந்த பிறகு முடிவு செய்யுங்கள். கலங்கல், கிருமி மட்டும்தான் பிரச்சினை என்றால் யு.வி. அல்லது நுண்துளைச் சவ்வில் வடிகட்டும் யு.எஃப்., இல்லையேல் கொதிக்கவைத்துக் குடிப்பதே போதும். ஆர்.ஓ. வேண்டியிருப்பது பெரும்பாலும் உப்பு மிகுந்த போர் தண்ணீருக்கும், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போல ஃபுளோரைடு உள்ள இடத்துக்கும்தான். எதை வாங்கினாலும், உங்கள் வீட்டுத் தண்ணீரின் அளவையும் இந்த மாடலை ஏன் பரிந்துரைத்தார்கள் என்பதையும் கொட்டேஷனில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.