வாயில் ஒன்றும் கொடுக்காதீர்கள்: குழந்தை அறுவை சிகிச்சை கேள்வி-பதில்

நான்கு வயது மகன் ஒரு ரூபாய் நாணயத்தை விழுங்கிவிட்டான். வாழைப்பழம் கொடுத்தோம். போதுமா? (திசையன்விளை)

போதாது, எக்ஸ்ரே எடுங்கள். நாணயம் இரைப்பைக்கு இறங்கியிருந்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் மலத்தோடு வந்துவிடும். உணவுக்குழாயில் நின்றால் மயக்கம் கொடுத்து எடுக்க வேண்டும். அப்போது உள்ளே இருக்கும் வாழைப்பழம் மூச்சுக்குழாய்க்குள் போனால் யார் பொறுப்பு? வாயில் ஒன்றும் கொடுக்காதீர்கள் என்று இன்னும் எத்தனை முறை எழுதுவது?

அது நாணயம்தான் என்று யார் பார்த்தது? எக்ஸ்ரேயில் விளிம்பு இரட்டை வளையமாகத் தெரிந்தால் அது பட்டன் பேட்டரி. உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமாக அரித்துவிடக்கூடும். ஆனித் தேரோட்டக் கடையில் வாங்கிய மினுக்குப் பொம்மை வீட்டில் இருந்தால் அதைத் திறந்து பாருங்கள். என் விதிக்கு விலக்கு பேட்டரிக்கு மட்டும்தான். ஒரு வயது தாண்டி, விழுங்க முடிகிற குழந்தைக்கு, 12 மணி நேரம் ஆகாதிருந்தால், வரும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம். ஆறு முறைக்கு மேல் வேண்டாம். தேன் வாங்கக் கடை கடையாக அலையாதீர்கள்.

மகனுக்கு நேற்று இரவு முதல் வயிற்று வலி. என்ன மருந்து கொடுக்கலாம்? (சங்கரன்கோவில்)

பத்தாம் வகுப்பு அரையாண்டு மதிப்பெண் வரை எழுதியிருக்கிறீர்கள், வயதை எழுதவில்லை. பதினைந்து என்று வைத்துக்கொள்கிறேன். அந்த வயதுப் பையன் அடிவயிறு வலிக்கிறது என்றால் விதைப்பையைப் பார்க்காமல் மாத்திரை கொடுக்கக் கூடாது. விதை முறுக்கிக்கொண்டாலும் அங்கேதான் வலிக்கும். ஆறு மணி நேரத்துக்குள் பிரித்துவிட்டால் பெரும்பாலும் பிழைக்கும். ஒரு நாள் கடந்தால் அநேகமாக அகற்றத்தான் நேரும். அம்மாவிடம் சொல்ல வெட்கப்படுவான், அப்பாவோ தாய்மாமனோ கேட்கட்டும். கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருக்கிற நோய் இல்லை இது.

எட்டு மாதப் பெண் குழந்தை விட்டுவிட்டு அழுதாள், வாந்தி எடுத்தாள். தொக்கம் எடுத்தோம், மறுநாள் வயிறும் வழித்துவிட்டோம். பிறகு மலத்தில் ரத்தம். குடல் செருகல் என்று ஒரு சாண் குடலை வெட்டிவிட்டார்கள். தவிர்த்திருக்க முடியாதா? (களக்காடு)

முதல் நாளே வந்திருந்தால் பெரும்பாலும் முடிந்திருக்கும்.

குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துகொள்வதுதான் செருகல். ஒரு வயதை ஒட்டிய குழந்தைகளுக்கு அதிகம் வரும். அழுகையே அடையாளம்: காலை மடக்கி வீறிடும், இரண்டு நிமிடத்தில் அடங்கித் துவண்டு கிடக்கும், கால் மணி நேரத்தில் மறுபடியும் வீறிடும். அந்த நிலையில் ஸ்கேன் பார்த்து, ஆசனவாய் வழியாக உப்புநீரோ காற்றோ செலுத்தியே பத்தில் எட்டுக் குழந்தைகளுக்குச் சரிசெய்துவிடலாம்; கத்தி வேண்டாம். ரத்தமும் சளியும் கலந்து போகும்போது குடலுக்கு ரத்த ஓட்டம் குறையத் தொடங்கிவிட்டது என்று பொருள். நீங்கள் இழந்தது அந்த இடைப்பட்ட நேரத்தை.

தொக்கம் எடுப்பவர் வயிற்றில் வாயை வைத்து உறிஞ்சி, உள்ளங்கையில் ஒரு முறுக்குத் துண்டைத் துப்பிக் காட்டுவார். பார்த்தவுடன் வீட்டார் முகம் தெளிந்துவிடும். எட்டு மாதக் குழந்தைக்கு முறுக்கு கொடுத்தது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. தொப்புளில் இருந்து இரைப்பைக்கு வழி ஏது? துண்டு வந்தது அவர் வாயிலிருந்து. பட்டம் வாங்கிய மாப்பிள்ளைகளே பைக்கில் வைத்து அழைத்துப் போகிறார்கள் என்பதுதான் எனக்கு எரிச்சல். வீங்கிய வயிற்றில் எண்ணெய் தடவி வழிப்பது அதைவிட மோசம். நைந்த குடல் ஓட்டையாகிவிடும். தலைகீழாகப் பிடித்து உரம் எடுப்பதற்கும் இதே பதில்தான்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பச்சிளங்குழந்தை பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால் குடல் திருகியிருக்கலாம். அதற்கு விடியும்வரைகூட நேரம் கிடையாது. 108-ஐ அழையுங்கள், கிரைப் வாட்டரைத் தொடாதீர்கள்.

குளத்தங்கரையில் விளையாடியபோது முழங்காலில் சீமைக்கருவேல முள் குத்தியது. பிடுங்கிவிட்டோம். மூன்று வாரமாக வீக்கம். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. (நாங்குநேரி)

முள் எக்ஸ்ரேயில் தெரியாது. முனை ஒடிந்து மூட்டுக்குள் தங்கியிருக்கும். அல்ட்ராசவுண்ட் எடுங்கள். திறந்து முள்ளை எடுத்துக் கழுவினால்தான் வீக்கம் வடியும். மாற்றி மாற்றி மாத்திரை போட்டுப் பயன் இல்லை.

சைக்கிளில் விழுந்து ஹேண்டில்பார் முனை வயிற்றில் குத்திவிட்டது. காயம் இல்லை, காலணா அளவு கன்றல்தான். இரண்டு நாள் கழித்து வாந்தி. (தென்காசி)

இன்றே சேருங்கள். முனைக்கும் முதுகெலும்புக்கும் நடுவே கணையமும் முன்சிறுகுடலும் நசுங்கியிருக்கலாம். தோலைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். வாயில் ஒன்றும் வேண்டாம்.

இரண்டு மாதக் குழந்தையின் கால்விரல் ஒன்று மட்டும் சிவந்து வீங்கியிருக்கிறது. எறும்புக் கடியா? (அம்பாசமுத்திரம்)

அம்மாவின் தலைமுடி சுற்றி இறுக்கியிருக்கும். நல்ல வெளிச்சத்தில் வீக்கத்தின் அடியில் இறுகிய பள்ளத்தைப் பாருங்கள், முடி தெரியாவிட்டாலும் ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மகனுக்கு மூன்று மாதம். அழும்போது தொடை இடுக்கில் வீக்கம். குடலிறக்கம் என்கிறார்கள். ஆடி கழியட்டும் என்கிறார் மாமியார். (வள்ளியூர்)

நீர் கோத்த விதைப்பை என்றால் இரண்டு வயதுவரை பொறுக்கலாம், குடலிறக்கத்துக்குப் பொறுக்கக் கூடாது. வீக்கம் கல்லாகி உள்ளே போகாமல் நின்றால் அன்றிரவே அறுவை சிகிச்சை. இப்போதே நாள் குறித்துவிடுங்கள். அன்று தாய்ப்பாலை நான்கு மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். மாமியார் பாவம் பார்த்து ஒரு சங்கு பால் புகட்டினாலும் அன்றைய பட்டியலில் இருந்து பெயரை எடுத்துவிடுவார்கள்.