கூடைக் கயிறும் வளைந்த பலகையும்

கேள்வி: தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கிறேன். தேயிலைக் கொழுந்துக் கூடை முதுகை அழுத்தாமலிருக்க, முதுகின் வளைவுக்கு ஏற்ற பலகை ஒன்றை முப்பரிமாண அச்சில் செய்தேன். இரண்டு மெல்லிய தோல்கள், நடுவே தேன்கூட்டு உள்ளீடு. தட்டையாகச் செய்த மாதிரி பாரத்தைத் தாங்கியது. வளைவாகச் செய்தது, பாரம் ஏறி வளைவு சற்று விரிந்ததுமே உள்பக்கத் தோல் உரிந்துவிட்டது. அதே தடிப்பு, அதே பிளாஸ்டிக். எங்கே பிழை, ஐயா?
– மாணவி, பொகவந்தலாவை

பதில்: மகள், நீங்கள் அனுப்பிய படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தோல் எங்கேயும் முறியவில்லை, உள்ளீட்டை விட்டுக் கழன்றிருக்கிறது. தோலைத் தடிப்பாக்கினால் இது தீராது.

என் அம்மா கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டித்தான் கொழுந்து பறித்தார். மாலையில் துணியை அவிழ்த்தால் உச்சியில் கயிற்றின் தடம் பதிந்திருக்கும். கயிறு இழுபட்டது கீழ்நோக்கி, ஆனால் தலையைச் சுற்றிய இடம் முழுக்க அது உள்நோக்கி அமுக்கியது. வளைந்து கிடக்கும் எதை இழுத்தாலும் அது வளைவின் மையத்தை நோக்கிப் போகப் பார்க்கும். உங்கள் பலகை விரியும்போது உள்தோல் இழுபடுகிறது, ஆகவே மையத்தை நோக்கி, அதாவது உள்ளீட்டை விட்டு விலகப் பார்க்கிறது. வெளித்தோல் நெருக்கப்படுவதால் அது வெளியே பிதுங்கப் பார்க்கிறது. நடுவில் உள்ள உள்ளீட்டை இரண்டு தோல்களும் இரண்டு பக்கம் பிய்க்கின்றன. தட்டைப் பலகையில் இந்த விசை இல்லை. வளைவின் ஆரம் பாதியானால், தோலில் அதே இழுவைக்கு, பிய்க்கும் விசை இரட்டிப்பாகும்.

இனி உள்ளீடு. நேரான தேன்கூட்டுக் கட்டியை வளைவின் வடிவத்துக்கு வெட்டி எடுத்திருக்கிறீர்கள். அதனால் தோலைத் தொடும் இடத்தில் பாதி அறைகள் அறுபட்டு நிற்கின்றன. சில சுவர்கள் தோலைத் தொடவே இல்லை. பிய்க்கும் விசை மிஞ்சிய சில சுவர்களில் மட்டும் விழுந்திருக்கிறது. கட்டத்தை வெட்டாதீர்கள், கட்டத்தையே வளையுங்கள். உங்கள் அளவு உள் ஆரம் 200 மில்லிமீற்றர், தடிப்பு 20, வளைவு 60 பாகை. உள்வில் ஏறத்தாழ 209, வெளிவில் 230. இரண்டு பக்கமும் 21 அறைகள் என்று வைத்தால் உள்ளே 10, வெளியே 11 மில்லிமீற்றர் அகலம் வரும். எல்லாச் சுவரும் தோலுக்குச் செங்குத்தாகவே போய்ச் சேரும். வெளியேதான் அறை அகலம், நெருக்கப்படுவதும் வெளித்தோல்தான், அதனால் சுவர்களுக்கு இடையே அது குழிவிழலாம். வெளித்தோலைச் சற்றுத் தடிப்பாக்குவது இங்கேதான் பயன் தரும்.

குச்சிகளால் பின்னிய லாட்டிஸ் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். டெஷ்பாண்டே, ஃபிளெக், ஆஷ்பி ஆகிய ஆய்வாளர்கள் 2001-இல் ஆராய்ந்த ஆக்டெட் என்ற லாட்டிஸ் அமைப்பில் குச்சிகள் வளையாமல் நீளவாக்கில் இழுவையையும் நெருக்கத்தையும் ஏற்கின்றன. பொருளைப் பாதியாக்கினால் விறைப்பும் பாதிதான் குறையும். குச்சிகள் வளைந்து தாங்கும் அமைப்பில் அது கால்வாசியாகிவிடும். உலோகத்தூள் இயந்திரம் இருந்தால் நானும் ஆக்டெட்டைத்தான் சொல்வேன். உங்களிடம் இருப்பது இழையை உருக்கி ஊற்றும் இயந்திரம். அதில் மெல்லிய சரிந்த குச்சி ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு புள்ளியாகத்தான் விழும், கையால் ஒடிக்கலாம். ஆகவே ஜைராய்டு போடுங்கள். அலன் ஷோன் 1970-இல் நாசாவில் விவரித்த வளைபரப்பு அது. சுவராகவே தொடர்ந்து போவதால் தாங்குகால் இல்லாமல் அச்சாகும். ஆனால் ஸ்லைசர் (வரைபடத்தை அடுக்குகளாகப் பிரித்து இயந்திரத்துக்குக் கொடுக்கும் மென்பொருள்) தானாக நிரப்புவது நேர்க்கட்ட ஜைராய்டு, வளைவோடு போகாது. வரைபட மென்பொருளிலேயே ஆரத்தையும் கோணத்தையும் ஆய அச்சுகளாக வைத்து வரைந்துவிட்டு அனுப்புங்கள். தோலைத் தொடும் இடத்தில் சுவரை விரித்துவிடுங்கள், மரம் வேரோடும் இடத்தில் அகல்வதுபோல்.

இன்னொன்றும் படத்தில் தெரிந்தது. பலகையைப் பாலம்போல் கவிழ்த்து அச்சிட்டிருக்கிறீர்கள். அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையிலான ஒட்டுத்தான் பலவீனமான இடம், பிய்க்கும் விசை சரியாக அதையே இழுத்திருக்கிறது. ஓரத்தில் நிமிர்த்தி நிறுத்துங்கள். அப்போது வளைவு முழுவதும் ஒவ்வோர் அடுக்குக்குள்ளும் அடங்கும், இழுவை இழையின் நீளத்திலேயே போகும். முதலில் இதை மட்டும் மாற்றி ஒன்று செய்து பாருங்கள். பிறகு உள்ளீட்டை மாற்றியதையும் அதே பாரத்தில் வைத்து இரண்டின் படத்தையும் அனுப்புங்கள், காத்திருப்பேன்.

கேள்வி: அச்சிடும்போது சடசடவென்று சத்தம் வருகிறது, சுவரெல்லாம் நுண்ணிய துளை. இயந்திரக் கோளாறா?
– வாசகர், நுவரெலியா

பதில்: இல்லை, இழை ஈரம் குடித்திருக்கிறது. பனிமூட்டத்தில் திறந்து வைத்த சுருள் நீரை இழுத்துக்கொள்ளும், சூடான முனையில் அது ஆவியாகி வெடிக்கும். தடித்த பொருளில் பொறுத்துக்கொள்ளலாம், ஒரு வரிச் சுவரான லாட்டிஸில் ஒரு குமிழியே ஓட்டையாகிவிடும். இழை பெட்ஜி வகைப் பிளாஸ்டிக் என்றால் 65 பாகை செல்சியஸில் ஆறு மணி நேரம் உலர்த்துங்கள், பிஎல்ஏ வகை என்றால் 50 பாகையைத் தாண்டாதீர்கள். பிறகு மூடி இறுகிய டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு வையுங்கள்.