ஏற முடியாத பாறை – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

மெல்பர்னில் வசிக்கிறோம். வரும் ஜூலை விடுமுறையில் பன்னிரண்டு வயது மகளுடன் ஆஸ்திரேலியாவின் நடுவே பாலைவனத்தில் நிற்கும் உலுரு என்ற பெரும்பாறையைப் பார்க்கச் செல்ல எண்ணியிருக்கிறோம். பாறைக்கு அருகே விடுதிகள் உள்ள யுலாராவில் அறை வாடகை மலைக்க வைக்கிறது. ஓர் இரவு போதுமா, மூன்று இரவுகள் தேவையா? என் அண்ணன் 2008இல் பாறையின் உச்சியில் நின்று எடுத்துக்கொண்ட படம் அவர் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. என் மகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை என்பது அநியாயமாகப் படுகிறது. ஏறவே முடியாத பாறையை ஒரு மாலை பார்த்தால் போதாதா? நினைவாக ஒரு சிறு சிவப்புக் கல்லையாவது எடுத்து வரலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மலை என்றாலே உச்சியில் நின்றாக வேண்டும் என்ற பிடிவாதம் நம்மை எப்படித் தொற்றிக்கொண்டது என்று சில நாட்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

முதலில், கல் எதையும் எடுத்து வராதீர்கள். அது சட்டப்படி குற்றம். அப்படி எடுத்துச் சென்றவர்கள் பின்னாளில் மனம் உறுத்தி, மன்னிப்புக் கடிதத்துடன் தபாலில் திருப்பி அனுப்பும் கற்கள் பூங்கா அலுவலகத்துக்கு வந்துகொண்டே இருக்கின்றன. மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் செய்யலாமா என்று கேட்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது? வாடகையைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அருகிலுள்ள பெரிய ஊரான ஆலிஸ் ஸ்பிரிங்ஸே சாலை வழியாக ஏறத்தாழ 450 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது; பாலைவனத்தில் விலை அப்படித்தான் இருக்கும். முன்பு விடுதிகள் பாறையின் காலடியிலேயே இருந்தன. அதனால் நிலம் கெடுவதைக் கண்டுதான் 1984 வாக்கில் எல்லாவற்றையும் இருபது கிலோமீட்டர் தள்ளி யுலாராவுக்கு மாற்றினார்கள்.

அநியாயம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் விட முடியவில்லை. பல்லாயிரம் ஆண்டுகளாக அனங்கு என்னும் பழங்குடி மக்களின் நிலமாக இருந்த இடத்துக்கு 1873இல் வந்த வில்லியம் காஸ், தெற்கு ஆஸ்திரேலியாவின் அமைச்சரான ஹென்றி ஏயர்ஸின் பெயரை அதற்குச் சூட்டினார். 1964இல் பாறையிலேயே துளையிட்டு, ஏறுவோர் பிடித்துக்கொள்ளச் சங்கிலி கட்டினார்கள். 1985 அக்டோபர் 26 அன்று நில உரிமை அனங்குகளிடம் திரும்பியபோது, அதைத் தேசியப் பூங்காவாக 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுக்க அவர்கள் இசைந்தார்கள். அதன் பிறகும் 34 ஆண்டுகள் ஏற்றம் நடந்தது. தங்கள் நிலத்தில் விருந்தினர் ஒருவர் இறந்தால் அந்தத் துக்கத்தைத் தங்கள் பொறுப்பாக ஏற்பவர்கள் அவர்கள். அந்தச் சரிவில் 37 பேராவது இறந்திருக்கிறார்கள். மேலே கழிப்பறை கிடையாது. மனிதர்கள் விட்டுச் சென்ற அசுத்தத்தை மழை கீழே உள்ள சுனைகளில் கொண்டுவந்து சேர்த்தது. கடைசியில் 2017இல் பூங்கா நிர்வாகக் குழு முடிவெடுத்து, 2019 அக்டோபர் 26 அன்று ஏற்றம் நிரந்தரமாக மூடப்பட்டது. இதில் அநியாயம் யாருக்கு நடந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

ஏற்றம் மூடப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு நான் அங்கே சென்றிருந்தேன். சங்கிலி தொடங்கும் இடத்தில், ஏற வேண்டாம் என்று அனங்குகள் கேட்டுக்கொள்ளும் பலகை இருந்தது. எங்கள் வண்டியில் வந்தவர்களில் பாதிப் பேர் அதைப் படித்துவிட்டு ஏறினார்கள். ஒரு முதிய பெண்மணி மட்டும் கணவரின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, "இடத்துக்குச் சொந்தக்காரர்கள் வேண்டாம் என்கிறார்கள், நான் வரவில்லை" என்று சொல்லிவிட்டார். அவரும் நானும் பாறையை ஒட்டியே நடந்தோம். தூரத்திலிருந்து வழுவழுப்பாகத் தெரியும் அந்தச் சுவர், அருகில் செதில் செதிலாக உரிந்துகொண்டிருக்கிறது. மேல்தோல் மட்டும்தான் இரும்பு துருவேறிச் சிவந்தது; குகைகளின் உட்சுவரில் கல்லின் சொந்த நிறமான சாம்பல் தெரிகிறது. முட்டிஜுலு சுனைக்கு மேலே, பாறையில் சிறியதாக ஒன்றும் ஆழமாக ஒன்றுமாக இரண்டு வெடிப்புகள் உள்ளன. குனியா என்னும் மலைப்பாம்புப் பெண், தன் உடன்பிறந்தாரின் மகனைக் கொன்ற லிரு என்னும் நச்சுப்பாம்பு வீரனைத் தோண்டுகோலால் அடித்த இரண்டு அடிகள் அவை என்று அனங்குகள் சொல்கிறார்கள். முதல் அடியில் கோபம் இன்னும் முழுதாக ஏறவில்லை என்றார் அந்தப் பெண்மணி, சிறிய வெடிப்பைப் பார்த்துக்கொண்டே. உச்சிக்குப் போய்த் திரும்பியவர்களில் எவரும் அதைப் பார்த்திருக்கவில்லை. 348 மீட்டர் உயரத்தில் நின்றவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் சுற்றிலும் கிடந்த சமவெளிதான். பாறை அவர்கள் காலுக்கடியில் இருந்தது.

ஆகவே மூன்று இரவுகளும் தங்குங்கள். பூங்காவின் ரேஞ்சர்கள் பாறையின் அடிவாரத்தில் கட்டணமின்றி அழைத்துச் செல்லும் மாலா நடையில் மகளைச் சேர்த்துவிடுங்கள். மறுநாள் காலையில் பாறையை முழுச் சுற்றாகச் சுற்றுங்கள். சுமார் பத்து கிலோமீட்டர், தண்ணீர் கையில் இருக்கட்டும். படம் எடுக்கக் கூடாது என்று பலகை வைத்திருக்கும் பகுதிகளில் கைபேசியைப் பைக்குள் போட்டுவிடுங்கள். மூன்றாம் நாள் அதே பூங்காவில் உள்ள கட்டா ஜுட்டாவின் 36 குன்றுகளுக்குப் போங்கள். அந்தக் குன்றுகள் வேறு வகைக் கல். கூழாங்கற்கள் இறுகிப் பாறையானவை என்பதை மகளே கையால் தடவித் தெரிந்துகொள்வாள். ஜூலையில் விடியற்காலைக் குளிர் சில நாட்களில் பூஜ்ஜியம் வரை இறங்கும், கம்பளிச் சட்டையை மறந்துவிடாதீர்கள்.