கடலில் நீந்தியவர் ஏரியில் இறங்கும்போது

கேள்வி: காசிமேட்டுக் கடலில் நீந்திப் பழகிய என் மகன் இப்போது மியூனிக்கில் வேலை பார்க்கிறான். விடுமுறை நாளில் ஏரிக்குப் போகிறானாம். என்ன கவனம் வேண்டும்?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: மியூனிக்குக்கு அருகே உள்ள ஸ்டார்ன்பெர்க் ஏரி நல்ல இடம். எஸ் 6 என்ற புறநகர் ரயிலில் பொஸ்ஸன்ஹோஃபன் நிலையத்தில் இறங்கினால் கரைக்கு நடந்தே போகலாம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களே ஏற்றவை.

கடல் நீச்சல்காரர்கள் ஏமாறுவது நன்னீரில்தான். உப்புநீர் போல அது உடலைத் தாங்காது. சீக்கிரமே களைப்பு வரும். மேலே வெதுவெதுப்பாக இருந்தாலும் சில மீட்டர் கீழே குளிர் உறைக்கும். சட்டென்று குதித்தால் மூச்சு தானாக உள்ளே இழுக்கும்; அந்த நொடியில் முகம் தண்ணீருக்குள் இருந்தால் ஆபத்து. கை, முகம், மார்பு என நனைத்து, மூச்சு சீரான பிறகே நீந்தட்டும். அலை இல்லை என்று நடு ஏரிக்குப் போகவே கூடாது. கரையை ஒட்டியே, இடுப்பில் மிதவைப் பை கட்டிக்கொண்டு நீந்தட்டும். பீர் குடித்தால் அன்று நீச்சல் வேண்டாம்.

நம் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவதுபோல, அங்கே கரையில் ஆரஞ்சு விளக்கு மின்னும். நிமிடத்துக்கு 40 முறை என்றால் பலத்த காற்று வரலாம். 90 என்றால் புயல். 40-லேயே கரையேறிவிட வேண்டும்.

சுற்றிப் பார்க்க, ஸ்டார்ன்பெர்க் ஊரிலிருந்து கப்பலில் பெர்க் என்ற கரையோர ஊருக்குப் போகலாம். 1886-ல் பவேரியாவின் மன்னர் இரண்டாம் லுட்விக் இறந்து கிடந்த இடத்தில், தண்ணீருக்குள் ஒரு சிலுவை நிற்கிறது.